ஒரு சோறு பதமாகாது: கருத்துக்கணிப்பும் நம் தெருவின் கருத்தும்



இலக்கிய அமைப்பு நடத்தும் நினைவுச் சொற்பொழிவில் தேர்தல் கருத்துக்கணிப்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் முன்னோடிகள் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' இதழில் வரலாறும் பௌத்தமும் எழுதியதோடு நிற்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மக்கள் எந்தப் பெயரில் பதியப்பட வேண்டும் என்றும் வாதாடினார். அண்ணல் அம்பேத்கர் தேர்தல் முடிவுகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து எடுத்து, அவற்றையே தம் வாதத்துக்குச் சான்றாக வைத்தார். யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்பது அதிகாரம் சார்ந்த கேள்வி என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

நாம் கூடியிருக்கும் இந்தக் கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று கடல் பின்வாங்கி ஊர் உள்நாட்டுக் கிராமமாகிவிட்டது. இந்தக் கடற்கரையின் முத்துக்குளிப்பில், எடுத்த முத்தை வெவ்வேறு கண் அளவுள்ள பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். எந்த முத்து நிற்கும், எது கீழே விழும் என்பதைச் சல்லடையின் கண்தான் தீர்மானிக்கும். நாட்டில் எந்தக் கட்சிக்கு எத்தனை விழுக்காடு ஆதரவு, ஆட்சியின் மேல் எத்தனை பேருக்குத் திருப்தி என்று மாதந்தோறும் வரும் எண்களும் ஒரு சல்லடையின் வழியாகத்தான் வருகின்றன. அதில் நாம் எங்கே நிற்கிறோம், எங்கே விழுகிறோம் என்பதைப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

1. நம்மைத் தனியே எண்ணும் இடம்

முதலில் ஒரு அடிப்படைச் செய்தி. வாக்குப்பெட்டிக்குச் சாதி தெரியாது. அது நல்லதுதான். ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. தேர்தல் முடிந்த பிறகு, தலித் மக்கள் யாரை விரும்பினார்கள் என்பதை அதிகாரப்பூர்வ முடிவிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

ஒரு காலத்தில் அது முடிந்தது. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தின்படி மாகாண சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த இடங்களுக்குத் தேர்தல் இரண்டு கட்டமாக நடக்க வேண்டும். முதல் கட்டத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அம்பேத்கர் இந்த இரண்டு கட்ட முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம் மக்கள் தனியாக வாக்களிக்கும்போது முன்னால் நின்றவர், எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும்போது தோற்பதைக் காட்டினார். 1946இல் வந்த அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் அவர் முன்வைத்த வாதங்களில் இதுவும் ஒன்று. தனி எண்ணிக்கை இருந்ததால்தான் அந்த வாதமே சாத்தியமாயிற்று.

விடுதலைக்குப் பிறகு கூட்டுத் தொகுதி முறை வந்தது. தனி எண்ணிக்கை போயிற்று. நம் மாவட்டங்களில் ஓட்டப்பிடாரம், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் என்று தனித்தொகுதிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வென்றவருக்குத் தலித் மக்கள் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. இன்று நம் கருத்து தனியே எண்ணப்படும் இடம் என்று ஒன்று இருந்தால் அது கருத்துக்கணிப்புதான். அதில் ஒரு கட்டம் இருக்கும்: 'எஸ்.சி.' என்று. கட்சிகள் கூட்டணிப் பேச்சுக்கும் தொகுதிப் பங்கீட்டுக்கும் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகின்றன. ஆகவே அதை வெறும் டி.வி. பரபரப்பு என்று ஒதுக்கிவிட நம்மால் முடியாது.

2. பானை ஒன்றா, இரண்டா?

கருத்துக்கணிப்பின் தத்துவம் நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். கோடிக்கணக்கான வாக்காளரை அறிய ஆயிரம் பேரைக் கேட்டால் போதும் என்பதும் இதே நம்பிக்கைதான். இது மூடநம்பிக்கை இல்லை, கணிதம் இதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறது: பானையிலுள்ள ஒவ்வொரு பருக்கைக்கும் கரண்டியில் ஏறச் சமவாய்ப்பு இருக்க வேண்டும். மேலாக இருப்பதை மட்டும் அள்ளிப் பார்த்தால் அடியில் இருப்பது வேகாமல் இருப்பது தெரியாது.

1936இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சியின் லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. வென்றது ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46இல். இதழ் முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையில்லாமல் நின்றவர் அந்தப் பட்டியல்களில் எங்கே இருப்பார்? சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தார்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் சுமார் ஐம்பதாயிரம் பேரைக் கேட்டு முடிவைச் சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்டோம் என்பதே முக்கியம் என்ற பாடம் அன்றிலிருந்து எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது.

பாடம் படித்த உலகம் மாறிவிட்டதா? அமெரிக்காவின் 'மார்னிங் கன்சல்ட்' நிறுவனம் உலகத் தலைவர்களின் செல்வாக்கை இணையவழியாகக் கணித்து வெளியிடுகிறது. 2023 பிப்ரவரியில் நம் பிரதமருக்கு 78 விழுக்காடு ஆதரவு என்ற அதன் எண் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. இந்தியாவில் தங்கள் மாதிரி எழுத்தறிவு பெற்ற மக்களையே பிரதிபலிக்கிறது என்று அந்த நிறுவனமே தன் குறிப்பில் எழுதுகிறது. செய்தித்தாள்களில் அந்தக் குறிப்பைப் பெரும்பாலும் காண முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி அகில இந்திய அளவில் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 66.1 விழுக்காடு, பட்டியல் சாதிப் பெண்களின் எழுத்தறிவு 56.5 விழுக்காடு. பத்துத் தலித் பெண்களில் நான்கு பேருக்கு மேல் அந்தக் கரண்டிக்கு எட்டாத ஆழத்தில் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிலும் இணையத்தில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல வாய்ப்புள்ளவர் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி.

நம் ஆற்றங்கரைக்கு வருவோம். வாழைத்தார் சுமக்கிறவர் விடியுமுன் வீட்டை விட்டுப் போய்விடுகிறார். உப்பளத்துக்குப் போகும் பெண் அதற்கும் முன்னால் எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். காலை பதினொரு மணிக்குக் கணிப்பாளர் போன் செய்தால் எடுப்பது யார்? வீட்டுக்கு ஒரே போன் என்றால் அது யார் சட்டைப்பையில் இருக்கிறது? நேரில் வருபவர் பஸ் நிறுத்தத்திலும் டீக்கடையிலும் நின்று கேட்டுவிட்டுப் போனால் அங்கே நிற்பவர் யார்? ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் கிராமம் ஒரே பானை இல்லை. இரண்டு பானை. ஒன்றில் எடுத்த சோறு மற்றதற்குப் பதம் சொல்லாது.

3. கேட்பவர் யார், பக்கத்தில் நிற்பவர் யார்?

நம் தெருவுக்கே வந்து கேட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. 1942இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஒரு ஆய்வு நடந்தது. கறுப்பின மக்களிடம் ஒரே கேள்விகளைப் பாதிப் பேருக்கு வெள்ளையர் கேட்டார்கள், பாதிப் பேருக்குக் கறுப்பினத்தவர் கேட்டார்கள். பதில்கள் வேறு வேறாக வந்தன. வெள்ளையரிடம் குறை சொல்லத் தயங்கியவர்கள் தம் இனத்தவரிடம் மனம் திறந்தார்கள்.

இது நமக்குப் புரியாத செய்தியா? கையில் நோட்டோடு தெருவுக்குள் வருகிறவர் யார் என்பதை நம் மக்கள் அனுபவத்தில் படித்திருக்கிறார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியதைப் பார்த்த தலைமுறை இது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில், தடியடிக்குப் பயந்து இதே தாமிரபரணியில் இறங்கிய 17 பேரைப் பிணமாகப் பார்த்த தலைமுறை இது. தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டார். வாக்கு வாங்கி வென்ற ஒரு தலித் பெண்ணுக்கே அந்த நிலை. அறிமுகமில்லாத ஒருவர் வந்து, 'அக்கா, எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவீங்க?' என்று கேட்டால், 'எல்லாரும் நல்லவங்கதான் தம்பி, இனிமேதான் பார்க்கணும்' என்று பதில் வருகிறது. கணிப்பாளர் அதை 'முடிவு செய்யாதவர்' என்ற கட்டத்தில் எழுதுகிறார். அந்த அக்கா முடிவு செய்து நாளாகியிருக்கும்.

இந்த எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இயக்கத் தோழர்களுக்கே இது பரவலாகத் தெரிவதில்லை. தனி மனிதரின் வாக்கு இரகசியம். தெருவின் வாக்கு இரகசியம் இல்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டல் நடக்கும் என்று அஞ்சப்பட்ட தொகுதிகளில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண விதி இருந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் இயந்திரமும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. அந்தக் கணக்கு 20ஆம் எண் படிவத்தில் சாவடி வாரியாக வெளியாகிறது. காலனிக்கென்று ஒரு சாவடி இருந்தால், காலனி யாருக்குப் போட்டது என்பது வாக்கு எண்ணிய அன்றைக்கே வேட்பாளருக்குத் தெரிந்துவிடும். பிறகு குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில், சாலை எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்பதில் அது எதிரொலிக்கும். பல சாவடிகளின் வாக்குகளைச் சேர்த்துக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

ஆக நிலைமை இப்படி இருக்கிறது. நம்மை அடையாளம் கண்டு பழிவாங்க உதவும் எண்ணிக்கை துல்லியமாக இருக்கிறது. நம் விருப்பத்தை நாட்டுக்குச் சொல்ல வேண்டிய எண்ணிக்கை மங்கலாக இருக்கிறது.

4. 'அரசு' என்றால் எந்த அரசு?

'அரசின் செயல்பாட்டில் உங்களுக்குத் திருப்தியா?' இது கணிப்புகளில் நிலையான கேள்வி. 2023 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவுகளாயின. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாநில அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. மத்திய அரசு போதிய நிதி தரவில்லை என்று மாநிலமும், தந்தோம் என்று மத்திய அரசும் மோதிக்கொண்டன. வீடு இழந்த ஒருவரிடம் அந்த வாரத்தில் 'அரசு திருப்தியா?' என்று கேட்டால் அவர் எந்த அரசை நினைத்துப் பதில் சொல்வார்? நூறு நாள் வேலையின் கூலிப்பணம் அன்று தில்லியிலிருந்து வந்தது, வேலை ஊராட்சியில் கிடைத்தது. பிரதமர் பெயரிலான வீட்டுத் திட்டத்தில் மாநிலத்தின் பணமும் இருக்கிறது. அவருக்கு 'அரசு' என்பது பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் ரேஷன் கடையும்தான்.

இன்னொரு வேறுபாட்டையும் மாணவர்கள் மனதில் வைக்க வேண்டும். ஒரு தலைவரைப் பிடிக்கும் என்பது ஒரு கேள்வி, அவர் கட்சிக்கு வாக்களிப்பேன் என்பது வேறு கேள்வி. தலைவருக்கு 78 விழுக்காடு ஆதரவு சொன்ன கணிப்புக்கு அடுத்த ஆண்டு, 2024 மக்களவைத் தேர்தலில் பாஜக பெற்ற வாக்கு 36.6 விழுக்காடு. அதே ஆண்டு தேர்தலுக்கு முன் லோக்நீதி–சிஎஸ்டிஎஸ் நடத்திய ஆய்வில், வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்று 62 விழுக்காட்டினர் சொன்னார்கள். இவை ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. கேள்வி மாறினால் கருத்தின் வேறொரு முகம் தெரிகிறது, அவ்வளவுதான். எந்தக் கேள்வியின் பதில் தலைப்புச் செய்தியாகிறது என்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம் இல்லை.

5. விழுக்காடும் நாற்காலியும்

கணிப்பு தருவது வாக்கு விழுக்காடு. டி.வி.க்கு வேண்டியது தொகுதி எண்ணிக்கை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியில் நிறையச் சரிவு உண்டு.

சரியான முறையில் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேரைக் கேட்டாலும் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2,000 பேரைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 234 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு ஒன்பது பேர்கூட இல்லை. மக்கள்தொகையில் நாம் 20 விழுக்காடு, ஆகவே மாதிரியில் நம்மவர் 400 பேர். பிழை வரம்பு 5 ஆகிறது. அதில் பெண்கள் மட்டும் 200 பேர். பிழை வரம்பு 7. அந்தக் கட்டத்துக்குள் பறையர், பள்ளர், அருந்ததியர் என்று பிரித்தால் எண்ணே நிற்காது. வட மாவட்டத்துத் தலித் அரசியலும் தென் மாவட்டத்துத் தலித் அரசியலும் மேற்கு மாவட்டத்துத் தலித் அரசியலும் ஒன்றல்ல என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 'எஸ்.சி. வாக்கு இத்தனை விழுக்காடு' என்ற ஒற்றை எண் அந்த மூன்றையும் கரைத்துவிடுகிறது.

2016 சட்டமன்றத் தேர்தலைப் பாருங்கள். எக்ஸிட் போல் நடத்தியவர்களில் பலர் திமுக வெல்லும் என்றார்கள். அதிமுக ஆட்சியைத் தக்கவைத்தது. இரு அணிகளுக்கும் இடையே வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். நம் நெல்லை மாவட்டத்து இராதாபுரத்தில் முடிவு 49 வாக்கில் அறிவிக்கப்பட்டது. காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். ஓட்டப்பிடாரத்தில் டாக்டர் கிருஷ்ணசாமி 493 வாக்கில் தோற்றார். எந்தக் கணிப்பின் கண்ணுக்கும் இந்த எண்கள் தெரியாது. ஆனால் நம் அரசியலின் அடுத்த ஐந்தாண்டு இவற்றில்தான் தீர்மானமாயிற்று.

அகில இந்திய அளவிலும் இதுதான் கதை. 2014இல் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுவதும் 4 விழுக்காட்டுக்கு மேல், இரண்டு கோடிக்கும் அதிகமான வாக்குகள் பெற்றது. வாக்கில் மூன்றாவது பெரிய கட்சி. மக்களவையில் ஒரு இடம்கூட இல்லை. தமிழ்நாட்டுக் கணிப்புகளில் 'திமுக கூட்டணி', 'அதிமுக கூட்டணி' என்று வரும் கட்டங்களுக்குள் தலித் கட்சிகளின் சொந்த வாக்கு கரைந்துவிடுகிறது. 2019இல் விழுப்புரத்தில் விடுதலைச் சிறுத்தைகளின் ரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். அந்த வாக்கு திமுகவின் கணக்கில் சேர்ந்தது. பிறகு பங்கீட்டு மேசையில், 'உங்களுக்கு எத்தனை விழுக்காடு இருக்கிறது?' என்று நம்மிடமே கேட்கிறார்கள்.

2004இல் கணிப்புகள் வாஜ்பாய் அரசு திரும்பும் என்றன. காங்கிரஸ் 145, பாஜக 138 என்று முடிவு வந்தது. 2024 ஜூன் 1 அன்று வந்த எக்ஸிட் போல்கள் பாஜக கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன, சில 400 வரை போயின. ஜூன் 4 அன்று வந்தது 293. அன்றைக்கு மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடு 4,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. உத்தரப்பிரதேசத்தில் பொதுத் தொகுதியான ஃபைசாபாத்தில், பாசி சமூகத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத் சமாஜ்வாதிக் கட்சி சார்பில் வென்றார். அரசமைப்புச் சட்டம் மாற்றப்படும் என்ற அச்சம் தலித் வாக்காளர்களை நகர்த்தியது என்று முடிவுக்குப் பின் பலரும் எழுதினார்கள். முடிவுக்கு முன்னால் அந்த அச்சத்தின் கனம் டி.வி. எண்களில் தெரியவில்லை.

6. எரிப்பதா, வாசிப்பதா?

அப்படியானால் கருத்துக்கணிப்பே மோசடி என்று தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. 1963இல் ரஜனி கோத்தாரி தொடங்கிய சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தின் லோக்நீதிப் பிரிவு போன்றவை வேறு முறையில் வேலை செய்கின்றன. வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர்களைக் குலுக்கலாக எடுத்து, வீட்டுக்கே போய்க் கேட்கிறார்கள். எந்தக் கட்சி என்பதை வாயால் சொல்ல வைக்காமல், சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. பக்கத்தில் யார் நின்றாலும் பயமில்லை. தங்கள் மாதிரியில் தலித், முஸ்லிம், பெண்கள் எத்தனை பேர் என்பதையும் கணக்கெடுப்போடு ஒப்பிட்டு வெளியிடுகிறார்கள்.

தொண்ணூறுகளில் அவர்கள் நடத்திய ஆய்வுகள்தான், மேலைநாடுகளைப் போல் இல்லாமல் இந்தியாவில் தலித்துகளும் ஏழைகளும் மேல்தட்டினருக்குக் குறையாமல், பல சமயம் அவர்களைவிட அதிகமாக வாக்களிக்கிறார்கள் என்று காட்டின. 'அவர்களுக்கு அரசியல் என்ன தெரியும், காசுக்குப் போடுவார்கள்' என்ற பொதுப்புத்தியை எதிர்த்து வகுப்பறையில் நிற்க நமக்குக் கிடைத்த ஆயுதம் அது. நல்ல எண்ணிக்கை நம் பக்கம் பேசும். ஆகவே எண்ணிக்கையை மறுப்பதைவிட, நல்ல எண்ணிக்கையைக் கேட்டு வாங்குவதே நம் வேலை.

அடுத்த முறை ஒரு கணிப்பு வந்தால் இந்த ஏழு கேள்விகளைக் கேளுங்கள். பணம் கொடுத்தது யார்? பெயர்களை எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்? நேரிலா, போனிலா, இணையத்திலா? எந்தத் தேதிகளில் கேட்டார்கள்? கேள்வியின் சொற்கள் என்ன? மாதிரியில் தலித்துகள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர்? 'சொல்ல விரும்பவில்லை' என்றவர்களை என்ன செய்தார்கள்? இவற்றில் பலவற்றை வெளியிட வேண்டும் என்று பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகளே சொல்கின்றன. பதில் இல்லாத கணிப்பைப் பகிராதீர்கள். நமக்குச் சாதகமாக இருந்தாலும் பகிராதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போல் வெளியிடத் தடை செய்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப்பில் 'உளவுத்துறைக் கணிப்பு' என்று சுற்றுவது பெரும்பாலும் நம் தெருவைச் சோர்வடையச் செய்யவே அனுப்பப்படுகிறது. அதை நம் கை தாண்ட விடக்கூடாது.

இயக்கங்களுக்கு இரண்டு கோரிக்கைகள். டோட்டலைசர் கருவியைக் கொண்டுவர வேண்டும் என்பதை நம் தேர்தல் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இடஒதுக்கீடு, நிலம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று நாம் எழுதும் வரிசையில் அதற்கும் இடம் உண்டு, ஏனெனில் பயமில்லாத வாக்கு அதில்தான் இருக்கிறது. அடுத்து, கணிப்பு நிறுவனங்கள் தம் களப்பணியாளர்களில் தலித் இளைஞர்களையும் பெண்களையும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. சமூகவியலும் புள்ளியியலும் படிக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது உங்கள் ஊரின் இரண்டு பானைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படுகையில் பத்துக் கிராமங்களை எடுத்து, வாக்காளர் பட்டியலிலிருந்து முறையாகப் பெயர்களைத் தேர்ந்து, மாலை ஏழு மணிக்கு மேல், வேலை முடிந்து வந்தவர்களிடம், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். பெண்களைப் பெண்கள் கேட்கட்டும். பெயரை எழுதாதீர்கள். ஊர்ப் பெயரையும் அறிக்கையில் மறைத்துவிடுங்கள், ஏனெனில் தெருவின் கருத்து வெளியே தெரிந்தால் விலை கொடுப்பது தெருதான். முடிவு எந்தக் கட்சிக்குக் கசந்தாலும், நமக்கே கசந்தாலும், அப்படியே எழுதுங்கள். அம்பேத்கர் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த இரண்டாவது எண்ணை எடுத்துவர இன்று படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள்.

ஜெய்பீம்.